புல் மறுபடி முளைக்கும்

அன்புள்ள பேத்திக்கு,

சேலையூரிலிருந்து தாத்தா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. விடிகாலை நாலரைக்கு எழுந்து தியானம், யார்மேலும் கோபம் கூடாது, பொய் கூடாது என்று நோட்டில் எழுதி வைத்தாய். பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் தூங்கிப்போனாய். போனில் அம்மாவிடம் சிடுசிடுத்தாய். நோட்டையே கிழித்துப் போட்டுவிட்டு, "எனக்கெல்லாம் ஆன்மிகம் ஒத்துவராது தாத்தா" என்றாய்.

தூங்கிப்போனது பெரிய தப்பில்லை கண்ணு. நோட்டைக் கிழித்தாயே, அதைத்தான் யோசிக்க வேண்டும். குறையே இல்லாத ஒருத்தியை மனதுக்குள் படமாக வரைந்து வைத்திருந்தாய். அதில் ஒரு கீறல் விழுந்ததும் உனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் நீ கும்பிட்டது கடவுளையா, அந்தப் படத்தையா?

நம் வீட்டிலிருந்து குன்றத்தூர் அதிக தூரமில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் சொன்ன அடியார்களில் எனக்கு மிக நெருக்கமானவர் அப்பர். 7ஆம் நூற்றாண்டுக்காரர். சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவர், சூலை நோயோடு திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் திரும்பி வந்தார். கழிந்த காலத்தை எண்ணி வருந்தினார். தன் குறைகளைப் பதிகங்களில் ஒளிக்காமல் பாடினார். ஆனால் அந்த வருத்தத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. உழவாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார்.

அது முடிகிற வேலையா? நானும் உழவாரப் பணிக்குப் போகிறவன்தானே. ஒருமுறை பிராகாரம் முழுக்கக் கோரையையும் நெருஞ்சியையும் வேரோடு எடுத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு மழை பெய்தது. அடுத்த மாதம் போனால் பழையபடி பச்சை. சலித்துப்போய் நின்றேன். கூட வந்த ஓர் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார். அவர் பார்த்தது புல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் பழைய வேலையை.

சேக்கிழார் இன்னொன்றும் சொல்கிறார். திருப்புகலூர்க் கோயில் முற்றத்தில் அப்பர் புல் செதுக்கும்போது பொன்னும் நவமணியும் மின்னின. அவர் அவற்றைக் கல்லாகவே எண்ணி, உழவாரத்தால் அள்ளிக் குளத்தில் எறிந்தார். எனக்கு இப்படித் தோன்றுகிறது: நம் கோபமும் சோம்பலும் புல் என்றால், 'பத்து நாள் தவறாமல் செய்தேன்' என்ற பெருமைதான் அந்தப் பொன். புல்லைக் களைய நமக்குத் தெரிகிறது. பொன்னை எறியத்தான் கை வரவில்லை.

புது நோட்டு வாங்காதே. நாளைக்கு நாலரைக்கு எழுந்தால் சரி, ஏழு மணி ஆகிவிட்டால் ஏழுக்கு உட்கார். மனம் அலைந்தால் திரும்பக் கூட்டி வா. நாளை மறுநாளும் அப்படியே. களை முளைக்கிற வரைக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலைதான் வழிபாடு.

ஆனால் முதலில் அம்மாவுக்குப் போன் போடு. தியானம் அப்புறம்.

அன்புடன்,
தாத்தா