கொதித்த தண்ணீரும் தவறாத மாத்திரையும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது 1986இல். அதே ஆண்டில்தான், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அன்று அதற்கு மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. அதைத் தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழலாம்.

ஆனால் தொற்று தாமதமாகத் தெரிந்தவருக்கும், மருந்தை நடுவில் விட்டவருக்கும் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும். பிறருக்கு ஓரிரு வாரத்தில் தானாகச் சரியாகும் ஒட்டுண்ணி வயிற்றுப்போக்கு, இவர்களை மாதக்கணக்கில் வாட்டி எலும்பும் தோலுமாக்கிவிடும். கிணறும் ஓடையும், மாடும் ஆடும், செருப்பில்லாத நடையுமாக வாழும் ஜவ்வாது மலைக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை இவை.

1. உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துவையுங்கள். 350க்குக் கீழே இருந்தால் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தருவார்கள். மூளையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா, குடலைத் தாக்கும் ஐசோஸ்போரா ஆகிய ஒட்டுண்ணிகளிலிருந்து அது காக்கும். 100க்குக் கீழே போனால் ஆபத்து மிக அதிகம். மாத்திரையை நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

2. தண்ணீரைக் கொதிக்கவையுங்கள்

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகவே அது பரவி, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். அதனால் பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீர் என்றாலும் காய்ச்சியே குடியுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். காவலூர் இருக்கும் 725 மீட்டர் உயரத்துக்கு அது போதும். மூடி ஆறவைத்து, பிடியுள்ள சொம்பால் எடுங்கள். துணியில் வடிகட்டினால் மட்டும் போதாது.

3. கையையும் காலையும் காத்துக்கொள்ளுங்கள்

கன்றுக்குட்டியின் சாணத்திலும் கிரிப்டோஸ்போரிடியம் இருக்கும். தொழுவ வேலையை வீட்டில் வேறொருவர் பார்ப்பது நல்லது. முடியாவிட்டால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் இதைக் கொல்லாது.

கொக்கிப்புழுவும் ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் புழுவும் மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடலுக்குள் ஏறும். கொல்லைக்கோ காட்டுக்கோ போனாலும் செருப்போடு போங்கள், கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ராங்கைலாய்ட்ஸ் பல ஆண்டுகள் உடலிலேயே பெருகும். ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் கட்டுமீறும். எனவே ஸ்டீராய்டு எழுதும் மருத்துவரிடம் வெறுங்காலோடு நடந்த பழக்கத்தைச் சொல்லுங்கள். வழக்கமான ஒற்றைப் பூச்சி மாத்திரை இந்தப் புழுவுக்கு நம்பகமானதல்ல.

4. அரைவேக்காடு வேண்டாம்

ஆட்டுக்கறி, பன்றிக்கறி எதுவானாலும் உள்ளே சிவப்பு தெரியாமல் வேகட்டும். பச்சைக்கறி அரிந்த கத்தியையும் பலகையையும் கழுவிவிட்டே காய் நறுக்குங்கள். பூனையைத் துரத்த வேண்டியதில்லை; அதன் கழிவை மட்டும் வேறொருவர் அன்றன்றே அள்ளட்டும். கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

5. வயிற்றுப்போக்கு வந்தால்

ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் போட்டிருக்கும் அளவுப்படி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி குடியுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். கஞ்சி, மோர், இட்லி என்று சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். வயிறு சரியில்லை என்று கூட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியத்தை ஒழிப்பதில் எதிர்ப்புச் சக்தி மீள்வதே பெரிய மருந்து.

6. சரியான சோதனையைக் கேளுங்கள்

வயிற்றுப்போக்கு சில நாளில் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கிரிப்டோஸ்போரிடியமும் ஐசோஸ்போராவும் சாதாரண மலப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும். ஆசிட் ஃபாஸ்ட் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். "இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுத்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும். கண்டுபிடிப்பதில் பலனுண்டு: ஐசோஸ்போரா கோட்ரைமாக்சசோலுக்கு நன்றாகக் கட்டுப்படும்.

7. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

விடாத தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், குழப்பம் ஆகியவை மூளையில் டாக்சோபிளாஸ்மா இருப்பதன் அடையாளமாகலாம். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல், எழ முடியாத சோர்வு ஆகியவையும் அவசரமே. 108ஐ அழையுங்கள். சோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம் உண்டு. உதவி எண்ணான 1097இல் இலவசமாகப் பேசலாம். எச்.ஐ.வி. காரணமாக சிகிச்சை மறுப்பதும், சம்மதமின்றித் தொற்றை வெளியில் சொல்வதும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தொற்றுள்ளவருக்குத் தனிக் குடம், தனி டம்ளர் வைக்காதீர்கள். டம்ளரால் எச்.ஐ.வி. பரவாது. காய்ச்சிய தண்ணீரை வீடு முழுவதும் குடிக்கட்டும். குழந்தைகளின் வயிறும் காக்கப்படும்; யாருக்காகக் காய்ச்சுகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தாரும் கேட்க மாட்டார்கள்.