ஈகைக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

இங்கிலாந்தில், லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஆண்டுதோறும் மிதிவண்டிப் பயணம் ஒன்று நடைபெறுகிறது. தொலைவு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். பயணிகள் திரட்டும் நன்கொடை இதயநோய் ஆராய்ச்சிக்கு உதவுகிறது.

இப்பயணத்தின் கடினமான ஏற்றம் டிட்ச்லிங் பீக்கன் என்னும் குன்று. அது இறுதிப் பகுதியில் வருவதால், களைத்த கால்களே அதில் ஏற வேண்டும். எனவே, முதன்முறை செல்வோர் பல வாரங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. மேட்டுப் பாதையிலும் பழகுக. இடையிடையே ஓய்வும் கொள்க. புறப்படுமுன் பிரேக்கையும் சக்கரக் காற்றையும் சரிபார்க்க. தலைக்கவசம் அணிக. வழியில் பசிக்குமுன்பே சிறிது உண்க.

ஏற முடியாதபோது இறங்கி, வண்டியை உருட்டிச் செல்வதும் இழுக்கன்று. பயணியின் சொல்லை நம்பியே பிறர் பொருள் ஈந்தனர். அந்நம்பிக்கைக்குச் செய்யும் முதல் கைம்மாறு பயிற்சியே.

சிந்தித்து எழுதுக: குன்று பயணத்தின் தொடக்கத்திலேயே இருந்தால், பயிற்சியில் எவற்றை மாற்றுவீர்?