பழைய காசு: அச்சுப் பிழையா, அடிபட்டதா?



உண்டியலிலும் அஞ்சறைப் பெட்டியிலும் கிடக்கும் பழைய காசு சிலது விநோதமாக இருக்கும். "இதுக்கு லட்சக்கணக்குல தர்றோம்" என்று செல்போனில் செய்தி வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். முதலில் காசைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்துக்காரங்களான நமக்கு இது சுலபம். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால், அந்தப் பூ விழும் இடமெல்லாம் அதே தப்பு வரும். அது தறியிலேயே வந்த குறை. ஆணியில் மாட்டிக் கிழிந்தால் அது பிறகு வந்த சேதம். காசும் அப்படித்தான்.

காசு செய்வது எப்படி? உலோகத் தகட்டில் வட்ட வில்லைகளை வெட்டி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். இந்த வேலை மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய 4 ஊர்களில் உள்ள அரசு நாணயச் சாலைகளில் நடக்கிறது. அங்கே நேர்ந்தால்தான் அச்சுப் பிழை.

1. கோடு: காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அச்சில் விரிசல். விரிசலுக்குள் உலோகம் புகுந்து மேடாகிறது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பிறகு விழுந்த கீறல்.

2. ஒதுங்கிய படம்: வில்லை தள்ளி உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் படம் ஒதுங்கி, மீதி இடம் வெறுமையாக இருக்கும். இருக்கிற எழுத்து தெளிவாக இருக்கும். தேய்ந்த காசில் எழுத்து மழுங்கிப்போகும்.

3. குறைந்த ஓரம்: ஏற்கனவே வெட்டிய இடத்தோடு சேர்த்து வில்லை வெட்டினால் பிறை போல ஓரம் குறையும். அதற்கு நேர் எதிர் ஓரமும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். பிறகு வெட்டிய காசில் எதிர் ஓரம் முழுசாக இருக்கும்.

தண்டவாளத்தில் நசுங்கியது, நெருப்பில் கறுத்தது எல்லாம் சேதம்தான்.

உண்மையான பிழைக் காசுக்கும் நிர்ணய விலை கிடையாது. புளி போட்டுத் துலக்கவும் வேண்டாம். துலக்கிய காசுக்கு மதிப்பு குறையும்.

இதையும் மனசுல வையுங்க. காசை விற்கும் நமக்குத்தான் பணம் வர வேண்டும். கமிஷன், வரி என்று முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. பழைய காசு வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. சேமிப்புப் பணத்தை இதில் விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய காசு கொண்டு வாங்க. மேடா, பள்ளமா என்று சேர்ந்து பார்ப்போம்.