தேயிலையும் உடல் எடையும்

முன்னுரை

ஓர் இலை இரு பெயர்களோடு உலகை வலம் வந்துள்ளது. சீனத்தின் பெரும்பகுதியில் வழங்கிய 'சா' என்னும் சொல், பெரும்பாலும் நிலவழியே பரவிச் 'சாய்' என்றும் 'சாயா' என்றும் ஆயிற்று. அந்நாட்டின் தென்கிழக்குக் கரையோர வழக்கான 'தே' என்பது கடல்வணிகத்தின் வழியே பரவிற்று. நம் 'தேயிலை', 'தேநீர்' ஆகிய சொற்களில் அதுவே நிற்கிறது. இன்று அவ்விலைக்கு 'எடை குறைக்கும் மருந்து' என மூன்றாவது பெயரும் சூட்டப்படுகிறது.

நம் வகுப்பில் முதற் பாடவேளையில் மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். தெளிந்தபின் வினவியபோது, எடை குறைய வேண்டிக் காலை உணவை விடுத்துப் பல நாளாகப் பச்சைத் தேநீர் மட்டுமே பருகி வந்ததாகக் கூறினாள். இலையின் ஆற்றல் எத்துணை என ஆராயும் எண்ணம் அன்று நமக்கு எழுந்தது.

இலையில் உள்ளவை

பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் ஒரே செடியின் இலைகளே. பறித்தவுடன் ஆவியிலோ சூட்டிலோ வாட்டினால் பசுமை நிலைக்கும்; கசக்கிக் காற்றுப்பட விட்டால் கருமை ஏறும். பச்சை இலையில் கேட்டசின்கள் என்னும் வேதிப்பொருள்கள் மிகுதி. கருந்தேயிலையில் அவற்றுள் பெரும்பகுதி தியாஃபிளேவின் முதலியனவாக மாறிவிடுகிறது. காஃபீன் இரண்டிலும் உண்டு.

உடலில் கொழுப்பை எரிக்கத் தூண்டுவனவற்றுள் நார்அட்ரினலின் ஒன்று. அதனைச் சிதைக்கும் நொதியைக் கேட்டசின்கள் தடுக்கின்றன என்றும், அத்தூண்டலைக் காஃபீன் நீட்டிக்கிறது என்றும் அறிவியலார் விளக்குவர்.

ஆய்வுகள் கூறுவன

1999ஆம் ஆண்டு வெளிவந்த ஜெனீவா ஆய்வொன்றில் நலமுள்ள ஆடவர் 10 பேருக்குப் பச்சைத் தேயிலைச் சாறு வழங்கப்பட்டது. அவர்தம் ஒருநாள் ஆற்றல் செலவு 4 விழுக்காடு உயர்ந்தது. பச்சைத் தேயிலை பெற்ற புகழுக்கு இவ்வாய்வும் ஒரு காரணம்.

எனினும் ஆற்றல் செலவு உயர்ந்ததனாலேயே எடை குறைந்துவிடும் எனக் கொள்ளலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வில், ஜப்பானில் நடந்த ஆய்வுகள் 200 கிராம் முதல் 3.5 கிலோ வரை வேறுபாடு காட்டின. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றில் சராசரி வேறுபாடு 40 கிராம் மட்டுமே. மருத்துவ நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க பயனன்று என்பதே அம்மதிப்பாய்வின் முடிவு.

கோப்பைக் கணக்கு

நாளொன்றுக்கு 2000 கலோரி செலவிடும் ஒருவருக்கு அந்த 4 விழுக்காடு என்பது 80 கலோரி. நம் இல்லங்களிலோ ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை இடுவது வழக்கம். கரண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 16 கலோரி. நான்கு கோப்பை பருகுவோர் சர்க்கரையால் மட்டுமே 128 கலோரி பெறுகின்றனர். இலை தரக்கூடிய சிறு பயனையும் சர்க்கரை விழுங்கிவிடுகிறது அன்றோ! எடை குறைய விழைவோர் தேயிலையை மாற்றுவதினும் சர்க்கரையைக் குறைப்பதே பயன் தரும்.

எச்சரிக்கை

தேநீரை அளவாகப் பருகுவதில் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. செறிவூட்டிய மாத்திரைகளின் நிலை வேறு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கேட்டசின்களை இவ்வாறு உட்கொள்வது கல்லீரலுக்குக் கேடு விளைக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

உணவோடு சேர்த்துப் பருகும் தேநீர், காய்கறி, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். அத்தகைய நாட்டில் இளம்பெண்கள் உணவை விடுத்துத் தேநீரை நாடுவது எடையைக் காட்டிலும் குருதியையே குறைக்கும்.

முடிவுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அளவறிந்து உண்பதையே பெரிதும் வற்புறுத்துகிறது. பசித்து, அளவறிந்து உண்டு, நாள்தோறும் நடந்து, உணவுக்கு ஒரு மணிநேரம் கழித்துச் சர்க்கரை குறைந்த தேநீர் பருகுவோம். மாணவச் செல்வங்கள் காலை உணவை ஒருபோதும் விடலாகாது. தேநீர் இனிய விருந்து. அதனை மருந்தாகவோ உணவாகவோ மயங்கிக் கொள்ளாதிருப்பதே அறிவுடைமையாகும்.