200 கிலோமீட்டர் ஓட்டினால் பணம் வந்துவிடுமா?

தொண்டுக்காக நீண்ட தூரம் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கூடிப் பேச உட்கார்ந்தால் எந்தப் பாதை, எத்தனை நாள், டீ-சர்ட் என்ன நிறம் என்றுதான் பேச்சு போகும். பணத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவோம். இந்தப் பாடத்தில் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சைக்கிள் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அவ்வளவுதான். பணம் வருவதும், வந்த பணம் போய்ச் சேருவதும் நாம் கேட்கும் முறையிலும் கணக்கு வைக்கும் முறையிலும் இருக்கிறது.

1. 36 பேர் தொடங்கிய பயணம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் 1974இல் தம் தாயைத் தோல் புற்றுநோய்க்கு இழந்தார். 1980இல் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு மாநிலத்தின் குறுக்கே சைக்கிள் ஓட்டினார். பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய்க் கழகத்துக்காக அந்த முறை திரட்டியது 10,200 டாலர். அதுதான் இன்று ‘பேன்-மாஸ் சேலஞ்ச்’ எனும் பெரிய பயணம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள். இதுவரை திரட்டிய மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

அங்கே இரண்டு விதிகளைக் கவனியுங்க. முதலாவது, ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகையைத் திரட்டுவதாக உறுதி கொடுக்கணும். திரட்ட முடியாவிட்டால் மீதியை அவரே கட்டணும். இரண்டாவது, ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் முழுவதும் கழகத்துக்கே போகிறது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணம், ஆதரவாளர்கள் போன்ற வேறு வழிகளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

2. ஓட்டாமலே காசைக் கொடுத்துடலாமே?

இது நியாயமான கேள்வி. கிறிஸ்டஃபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நற்காரியத்துக்குக் கொடுக்கும்போது அதில் உழைப்பும் சிரமமும் கலந்திருந்தால், சுலபமான வழியில் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்க மக்கள் முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மனிதத் துன்பத்தைப் போக்கும் காரியங்களில் இது கூடுதலாகத் தெரிந்தது.

நமக்கு இது புதுசு இல்லை. தைப்பூசத்தில் வெயிலில் நடந்து வருபவர்களுக்காகத் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களை வருஷா வருஷம் பார்க்கிறோமே!

ஆனால் இதில் ஒரு பொறுப்பும் இருக்கு. நம்ம சிரமத்தைப் பார்த்துத்தான் ஒருத்தர் பர்ஸைத் திறக்கிறார். அந்த நம்பிக்கையை நாம் வீணாக்கக் கூடாது.

3. செயல்திறன் கணக்கு

பொறியியலில் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, உள்ளே போனதில் எவ்வளவு பயனாக வெளியே வந்தது என்பதைத்தான். சைக்கிள் ஓட்டும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் வெப்பமாகப் போய்விடும். உடம்புக்கு அது இயற்கை. வசூலுக்கு அது ஆகாது.

ஓர் உதாரணம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பழைய சாலையில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 20 பேர் இரண்டு நாளில் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,000 ரிங்கிட் திரட்டினால் மொத்தம் 20,000.

செலவு: டீ-சர்ட் 800, வேனும் பெட்ரோலும் 1,200, சாப்பாடும் தங்கும் இடமும் 2,000, காப்புறுதியும் முதலுதவியும் 1,000. ஆக 5,000 ரிங்கிட். இதை வசூலில் இருந்தே எடுத்தால் கால் பங்கு போச்சு.

சிங்கப்பூரில் அறநிறுவனங்களுக்கு 30/70 என்ற விதி இருக்கிறது. ஓர் ஆண்டில் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகோலில் நம் உதாரணம் தேறிவிடும். ஆனால் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு என்று நம்பி 10 ரிங்கிட் கொடுத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், “அதில் இரண்டரை வெள்ளி எங்க சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் போச்சு” என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

வழி இருக்கு. 20 பேரும் ஆளுக்கு 150 ரிங்கிட் சொந்தக் காசு போட்டால் 3,000. உள்ளூர்க் கடைகளிடம், “இது நடத்தும் செலவுக்கு” என்று தெளிவாகச் சொல்லி 2,000 கேட்கலாம். இப்போது 20,000மும் முழுசாகப் போய்ச் சேரும். கிலோமீட்டர் ஒன்றுகூட மாறவில்லை.

4. கேட்கும் முறை

• யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று மூன்றையும் சொல்லுங்க. “தொண்டுக்கு” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சிறுநீரக நோயாளி ஒருவர் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்கணும். இதைச் சொன்னால் கேட்பவருக்கு விளங்கும்.

• ‘கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்று வாக்கு வாங்காதீங்க. மழையிலோ காயத்திலோ 120 கிலோமீட்டரில் ஒருவர் நின்றுவிட்டால் நோயாளிக்குத்தான் நஷ்டம். அந்த நினைப்பிலேயே கால் வலியோடு ஓட்டி இன்னும் கெடுத்துக்கொள்வார். மொத்தத் தொகையாகக் கேளுங்க.

• மலேசியாவில் வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல் துறையின் உரிமம் வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், கொடுப்பவருக்கு வரிக் கழிவும் கிடைக்கும்.

• பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் விழக் கூடாது. பயணம் முடிந்த ஒரு மாதத்துக்குள் வரவு, செலவு, ஒப்படைத்த தொகை மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, கொடுத்த எல்லாருக்கும் அனுப்புங்க.

5. சாலையில்

நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலைதான் வழி. அங்கே லாரிகள் உண்டு, ஆகவே விளக்கும் தலைக்கவசமும் கட்டாயம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓட்ட ஏறக்குறைய 110 வாட் போதும். 30க்கு ஏற்றினால் 170 வாட் வரை வேண்டும், காரணம் காற்றின் தடை. 200 கிலோமீட்டரில் மிச்சமாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் யாரும் கூடுதலாகக் கொடுக்கப் போவதில்லை. அதனால் குழுவில் மெதுவாக ஓட்டுபவரின் வேகமே எல்லாருடைய வேகமாக இருக்கட்டும்.

கலந்து பேச

1. உங்கள் வட்டாரத்தில் யாருக்கு உதவி தேவை? அவர்களிடமே போய்க் கேட்டீங்களா?
2. நடத்தும் செலவுக்கு யார் யாரிடம் தனியாகக் கேட்கலாம்? ஐந்து பெயர் எழுதுங்க.
3. ஓட்ட முடியாத உறுப்பினர்களில் கணக்கைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் யார்? அவரை முதல் கூட்டத்திலேயே நியமித்துவிடுங்க. பாதையை அதற்கப்புறம் பேசலாம்.