கம்பி போட்ட பல்லும் கன்னத்துப் புண்ணும்

கேள்வி: மகளுக்கு 12 வயது. பல்லுக்குக் கம்பி போட்டு ஒரு கிழமைதான். உட்கன்னம் முழுக்கப் புண். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு. என்ன செய்ய?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: புண்ணுக்குக் காரணம் உரசல்தான் அம்மா. கன்னத்தோல் பழகும்வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வரும். கம்பிக்கென்றே விற்கும் மெழுகைக் கேட்டு வாங்குங்கள். கம்பியில் உரசும் இடத்தைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர்த்தி, பயறளவு மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்துங்கள், ஈரத்தில் ஒட்டாது. தவறி விழுங்கினாலும் கெடுதியில்லை. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, நாளுக்கு மூன்று நான்கு தரம் கொப்பளிக்கட்டும்.

உறைப்பு, புளி, முறுக்கு வேண்டாம். குழைந்த சோறு, பாற்கஞ்சி, ஆறிய கூழ் போதும். நோகிறதென்று பல் தீட்டாமல் விடுவதுதான் பெரிய பிழை.

லண்டனிலிருந்து மாமி யாராவது அனுப்பிய வாய்ப்புண் ஜெல் இருந்தால் உறையைப் பாருங்கள். கோலின் சலிசிலேட் கலந்ததை 16 வயதுக்குட்பட்டோருக்குப் பூச வேண்டாமென்று பிரித்தானியாவில் 2009இலேயே அறிவித்துவிட்டார்கள்.

கம்பி நுனி குத்தினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு கிழமையில் புண் ஆறாவிட்டாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.