வாவிப் படகும் புரொப்பேன் வாயுவும்

நுவரெலியாவில் 1873இல் தேசாதிபதி கிரகரி அமைப்பித்த வாவியிலே இயந்திரப் படகுகள் ஓடுகின்றன. அவற்றிற்குப் பெற்றோலுக்குப் பதிலாகப் புரொப்பேன் உதவுமா என ஆராய்வோம்.

பியூற்றேன் ஏறத்தாழ 0 பாகையிற் கொதிப்பதால், மலைநாட்டுக் குளிரில் மந்தமாகவே ஆவியாகும். புரொப்பேனோ உறைநிலைக்குக் கீழ் 42 பாகையிலேயே கொதிப்பது. பனிக்காலையிலும் தடையின்றி இயந்திரத்தைச் சேரும். சிந்தினும் நீரின்மேல் எண்ணெய்ப் படலமாகப் படியாது. ஆயின், ஒரு லீற்றரில் பெற்றோலின் முக்காற்பங்கு ஆற்றலே உண்டு.

பெருங்குறை வேறொன்று. இவ்வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு பாரமானது. படகிற் கசிந்தால் அடித்தளத்திலே நீர்போல் தேங்கி, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். 2021இல் இலங்கை அடுக்களைகளில் நிகழ்ந்த வாயு வெடிப்புக்களை நாம் மறந்திலோம். ஆதலின், உருளையைத் திறந்த மேற்றளத்தில் வைத்து, கசியும் வாயு வெளியே வழிய வழிசெய்த பின்னரே இயந்திரத்தை மாற்றுதல் தகும். சிக்கனம் பின்னது, உயிர்க்காவலே முன்னது.